ஊதா நூல் வந்த வருடம்

தை மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, மத்தியானக் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கீர்த்திகாவின் இடது கண்ணிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு ஊதா நிற நூல் வந்தது. அவளுடைய ஊரான சண்டிலிப்பாயின் வெங்காயம் யாரையும் அழவைக்கக்கூடியது என்பதால் அவள் முதலில் பொருட்படுத்தாமல் புறங்கையால் துடைத்தாள். துடைத்த கையில் நூல் ஒட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க வந்தது; நோகவில்லை, இலேசாகக் கூசியது. நுனி வந்து முடிந்ததும் அதைச் சுருட்டி உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மிச்ச வெங்காயத்தையும் உரித்து, கறியை அடுப்பில் ஏற்றி, அதற்குப் பிறகுதான் பயப்படத் தொடங்கினாள். பயம் கண்ணைப் பற்றியதல்ல. அவளுக்கு அப்போது நாலாம் மாதம். கலியாணம் முடித்து ஏழு வருடத்துக்குப் பிறகு தங்கிய பிள்ளை. கண்ணுக்குள் நூல் போக முடியுமென்றால் வேறு எங்கெல்லாம் போயிருக்கும் என்று யோசித்ததும் அவளுக்கு அழுகை வந்தது, அழுததும் இன்னும் கொஞ்சம் நூல் வந்தது.

அன்று பின்னேரமே புருஷன் வாகீசன் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றி, பள்ளம் திட்டி பார்த்து மெதுவாக யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். கிணற்று மோட்டார் திருத்துவது அவனுடைய தொழில். எந்தப் பழுதையும் கழற்றிப் பார்த்தால் வழி பிறக்கும் என்று நம்புகிறவன். டொக்டர் நூலை இடுக்கியால் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார், கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதினார், பிறகு ஸ்கான் பண்ணினார். பிள்ளையின் இதயம் நன்றாகத் துடித்தது, அளவெல்லாம் சரி. ஒரேயொரு விஷயம், அதன் வலது கை எதையோ பிடித்துக்கொண்டிருந்தது. தொப்புள்கொடியாக இருக்கும், பிள்ளைகள் அதைப் பிடித்து விளையாடுவது வழமைதான் என்றார் டொக்டர். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ‘இருக்கும்’ என்ற சொல்லைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டு எந்தத் தாயும் நித்திரை கொள்ளமாட்டாள்.

அந்தக் கிழமை முடிவதற்குள் அவர்கள் குடியிருந்த ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு எல்லோருக்கும் நூல் வந்துவிட்டது. தொலைக்காட்சி நாடகம் பார்க்கிற வீடுகளில் அதிகமாக வந்தது. தேவாரம் பாடினால் கண் கலங்கிவிடுகிற பென்சன்காரர் ஒருவருக்குக் கோயில் வாசலிலேயே வந்தது. அவர் அதை அருள் என்று நினைத்துக் கும்பிட்டார். அழுது பழக்கமில்லாத ஆம்பிளைகள் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தார்கள், மிளகாய்த்தூள் வறுத்த அன்று அவர்களும் அகப்பட்டார்கள். தோட்டத்தில் பிடுங்கிய வெங்காயத்தின் வேர்கள் ஊதாவாக இருந்தன. முட்டையை உடைத்தால் மஞ்சட்கருவைச் சுற்றி மெல்லிசாக ஓர் ஊதாச் சுற்று. வாகீசன் கழற்றிய ஒவ்வொரு மோட்டாரிலும் வடிகட்டியில் ஊதாப் பஞ்சு அப்பிக் கிடந்தது. நூல் கிணற்றுத் தண்ணீரில்தான் வருகிறது என்று அப்போது தெரிந்தது. அவன் உடனே கடைக்குப் போய்ப் போத்தல் தண்ணீர் பெட்டி பெட்டியாக வாங்கிவந்து மனைவியின் கட்டிலுக்குக் கீழே அடுக்கினான்.

அந்த நிறத்தை எல்லோருக்கும் அடையாளம் தெரிந்தது, ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. போன ஆவணியில் கனடாவிலிருந்து தேவராசா குடும்பத்தோடு வந்து, பெரியபிள்ளையான தன் மகளின் சாமத்தியச் சடங்கைத் தமக்கை அருந்ததியின் வீட்டில் செய்திருந்தார். அருந்ததி, கீர்த்திகாவின் தாய். இப்போதெல்லாம் சடங்கென்றால் அதற்கொரு நிறம் வேண்டும். சொந்தக்காரப் பெண்கள் எல்லோரும் ஒரே நிறச் சேலையில் வரிசையாக நிற்க, மேலே ட்ரோன் பறந்து படம் எடுக்க, அந்தப் படம் ஸ்காபரோவிலும் பாரிஸிலும் போனுக்குப் போன் போகவேண்டும். தேவராசாவின் மகள் ஊதா கேட்டாள். ஒழுங்கை முழுவதும் ஊதா ஜோர்ஜெட் கட்டியது. அதை இன்னொருமுறை கட்டினால் எவரும் கண்ட உடனே ‘தேவராசா வீட்டுச் சாறி’ என்று சொல்லிவிடுவார்கள் என்பதால் பிறகு யாருமே கட்டவில்லை. இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். கலர் படம் இன்னமும் போன்களில் இருந்தது.

வாகீசன் நூலை ஒரு வெற்றுத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணத்துப் பெரியகடைத் தெருவுக்கு, யாக்கூப் நானாவின் துணிக்கடைக்குப் போனான். சேலைகள் அங்கேதான் எடுக்கப்பட்டவை. யாக்கூப் தொண்ணூறாம் ஆண்டு உடுத்த உடுப்போடு யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் ஒருவர். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் கிடந்த காலம் முழுவதும் அவரிடம் ஒரு பொலியெஸ்டர் சேட் இருந்தது. அது கிழியவில்லை, நிறம் மங்கவில்லை, அரை வாளி தண்ணீரில் தோய்த்து உதறினால் உடனே காய்ந்தது. எல்லாம் கைவிட்ட காலத்தில் கைவிடாமல் நின்ற ஒரே பொருள் அந்தச் சேட்தான் என்பார். திரும்பி வந்து கடை திறந்தபோது அந்த நன்றியோடுதான் பொலியெஸ்டர் விற்றார். ஆகவே அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர் நூலை விரல்களுக்கிடையில் உருட்டினார், பிறகு துணி வியாபாரிகள் செய்வதுபோல நுனியில் லைட்டரைப் பிடித்தார். பஞ்சு என்றால் சாம்பலாகி உதிரும். இது சுருண்டு உருகிக் கறுத்த மணியாகி நின்றது, பொலித்தீன் எரிந்த மணம் வந்தது.

“என்ரை சாமான்தான் தம்பி. இந்த ஊதா என்னட்டை மட்டும்தான் இருந்தது. ஆயுசுக்கும் கிழியாதெண்டு சொல்லித்தான் வித்தனான். அதிலை ஒரு பொய்யும் இல்லை. அதுதான் இப்ப பயமாக் கிடக்கு” என்றார். வாகீசன் போத்தல் தண்ணீரைப் பற்றிச் சொன்னபோது அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். “அந்தப் போத்தலும் இந்தச் சாறியும் ஒரே பிளாஸ்டிக் சாமான்தான். பிள்ளைக்கு மழைத் தண்ணியைப் பிடிச்சுக் குடுங்கோ. பழைய வேட்டியை நாலா மடிச்சு வடிகட்டுங்கோ.”

அவன் வந்து சொன்னதைக் கேட்டு அருந்ததி அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது சேலைத் தலைப்பு நிறைய ஊதா நூல் இருந்தது. வேண்டாத ஊதாச் சேலைகளை ஒழுங்கைப் பெண்கள் எல்லாம் அவளிடம்தான் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். சடங்கு நடந்தது அவள் வீட்டில், ஆகவே பொறுப்பும் அவளுடையது. பழைய உடுப்புச் சேர்க்கிறவர்கள் ஜோர்ஜெட் வேண்டாம் என்றார்கள். குப்பை வண்டி துணி ஏற்றாது. மங்கல காரியத்துக்கு உடுத்ததை எரிக்கவும் கூடாது, கால்மிதியாகப் போடவும் கூடாது. கும்பத்து மாவிலையையும் சாமிக்குப் போட்ட மாலையையும் தண்ணீரில் விடுகிற மாதிரி இதையும் விடுவதுதான் மரியாதை என்று அவள் நினைத்தாள். அவளுடைய புகையிலைத் தோட்டத்து மூலையில் யாரும் அள்ளாத பாழ்கிணறு ஒன்று இருந்தது. புரட்டாதியில் ஒரு நல்ல நாள் பார்த்து, சேலைகளை ஒவ்வொன்றாக மடித்து, மேலே கொஞ்சம் மஞ்சள் தண்ணீர் தெளித்து, அதற்குள் விட்டாள். அதன்பின் மழை பெய்து எல்லாக் கிணறுகளும் நிரம்பின.

“நான்தான் போட்டனான். தண்ணியிலை விட்டாக் குளிர்ந்துபோகும், குடும்பத்துக்கு நல்லதெண்டு நினைச்சன் பிள்ளை.”

“அந்தக் கிணத்துக்கும் எங்கடை கிணத்துக்கும் இடையிலை என்னம்மா இருக்கு? ஓட்டை விழுந்த கல்லுத்தானே!” என்றாள் கீர்த்திகா. அவள் தாயிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. உயர்த்தியதும் இருவருக்கும் அழுகை வந்து, நூல்கள் ஒன்றோடொன்று சிக்கி, வாகீசன் நடுவில் குந்தியிருந்து சிக்கெடுக்க வேண்டியதாயிற்று. சிக்கெடுத்துக்கொண்டே அவன், போட்டதை எடுத்துவிட்டால் சரி என்று சொன்னான். வேறு யோசனை யாரிடமும் இருக்கவில்லை.

சனிக்கிழமை காலை கிணற்றடியில் ஊர் கூடியது. யாக்கூபும் தன் சின்ன லொறியோடு வந்தார். வித்தவன் வராமல் இருப்பது சரியில்லை என்றார். வாளி விழுந்தால் எடுக்கிற பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். முதல் சேலை உடனே அகப்பட்டது. அதன் தலைப்பில் இரண்டாவது சேலை முடிச்சுப் போட்டிருந்தது, இரண்டாவதில் மூன்றாவது. தான் மடித்து வேறு வேறாகப் போட்டதாக அருந்ததி சத்தியம் பண்ணினாள். சேலைகளில் அழுக்கு இல்லை, சாயம் போகவில்லை, கடையில் தொங்குகிற மாதிரி மடிப்புக்கூடக் குலையாமல் வந்தன. கடைசி ஊதாச் சேலை வந்ததும் சனம் கை தட்டியது. ஆனால் அதன் நுனியில் ஒரு பச்சை ஜேர்சி கட்டியிருந்தது. பருத்தித்துறைப் பக்கத்து விளையாட்டுக் கழகம் ஒன்றின் பெயர் அதில் இருந்தது. சண்டிலிப்பாயில் யாரும் அந்தக் கழகத்தைக் கண்ணாலும் கண்டதில்லை.

அதற்குப் பிறகு வந்தவற்றை எல்லாம் எழுதி முடியாது. ஜேர்சிகளுக்குப் பின்னால் தேர்தலுக்குக் கொடுத்த ரீசேட்டுகள் வந்தன, எல்லாக் கட்சியும் ஒரே கயிற்றில் ஒற்றுமையாக. இந்தியாவிலிருந்து காங்கேசன்துறைக் கப்பலில் மூட்டை மூட்டையாக வந்திறங்கிய நைற்றிகள் வந்தன. கல்யாண மண்டபத்துக் கதிரை உறைகள் வந்தன. முஸ்லிம் பெண்கள் உடுக்கிற கறுப்பு அபாயாக்கள் வந்தபோது யாக்கூப் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கழுத்துப் பட்டியில் அவருடைய கடைப் பெயர் தைத்திருந்தது. நிலாவரைக் கிணற்றில் போட்ட எலுமிச்சம்பழம் நிலத்துக்கு அடியால் போய்க் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்லுவார்கள், எலுமிச்சம்பழத்துக்குத் தெரிந்த வழி மற்றதுகளுக்கும் தெரியும் என்று ஒருவரும் யோசித்ததில்லை. பாழ்கிணறு உள்ள ஊரெல்லாம் தங்களுக்கு வேண்டாததை அதற்குள் போட்டிருந்தது, கீழே எல்லாம் கைகோத்துக்கொண்டு இருந்தது. இருட்டும்வரை இழுத்தார்கள். மிச்சத்தை ஒரு கல்தூணில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஊதாச் சேலைகள் எடுபட்ட பிறகு கீர்த்திகாவுக்கு நூல் நின்றது. ஒரு கிழமை அவள் சிரித்த முகமாக இருந்தாள், பிள்ளைக்குப் பெயர் யோசித்தாள். பிறகு ஒருநாள் தும்மியபோது வந்தது பச்சை. அன்று அவள் கிணற்றடிக்கு நடந்து போய், கல்தூணில் கட்டியிருந்த துணியைத் தன் கையால் இழுக்கத் தொடங்கினாள். வயிற்றோடு இழுக்கவேண்டாம் என்று எல்லோரும் கத்தினார்கள். “என்ரை பிள்ளை வெளியிலை வாறதுக்கிடையிலை இது முடியவேணும்” என்றாள் அவள். அவளை இருத்திவிட்டு மற்றவர்கள் இழுத்தார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊர் கூடி இழுக்கிற சிரமதானம் என்று ஆயிற்று. மாசி, பங்குனி, சித்திரை என்று மாதங்கள் போயின, துணி வந்துகொண்டே இருந்தது. அதற்குள் குடாநாடு முழுவதும் நூல் பரவி, ஒவ்வோர் ஊரும் மற்ற ஊரின் கொண்டாட்டத்தை அழுதது. செத்தவீட்டில் ஒப்பாரி முடிந்ததும் முதலில் நூலைக் கூட்டி அள்ளிவிட்டுத்தான் பிரேதத்தை எடுத்தார்கள். பள்ளிவாசலில் துஆ நீளமாக ஓதப்பட்ட வெள்ளிக்கிழமைகளில் பாய்களுக்கு மேல் இன்னொரு மெல்லிய பாய் விரித்த மாதிரி இருந்தது. இழுத்த துணியை எங்கேயும் போட வழியில்லாததால் அது அருந்ததியின் தோட்டத்திலேயே குவிந்து பனை உயரத்துக்கு வளர்ந்தது. பஸ் கொண்டக்டர்கள் அந்தக் குவியலையே இடத்துக்குப் பெயராக்கி “சீலைக்கும்பி இறங்கு” என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அருந்ததி அந்த வருடம் புகையிலை நடவில்லை.

பயந்த சனம் திருந்தவும் செய்தது, அதையும் சொல்லவேண்டும். கலியாண அட்டைகளில் ‘நிறம் இல்லை’ என்று அச்சடித்தார்கள். இருக்கிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார்கள், ஒருத்தி நீலம், ஒருத்தி மஞ்சள், ஒருத்தி தன் கூறைச் சேலையே. தேவராசா கனடாவிலிருந்து போன் எடுத்து, “அக்கா, படத்தைப் பார்த்தா பஸ் ஸ்ராண்டிலை நிக்கிற சனம் மாதிரிக் கிடக்கு” என்று குறைப்பட்டார். அருந்ததி போனை வைத்துவிட்டாள். யாக்கூப் கடையிலிருந்த செயற்கைத் துணியை எல்லாம் மேல்மாடியில் பூட்டிவிட்டுப் பருத்தி மட்டும் விற்றார். “கொஞ்ச வருசத்திலை கிழிஞ்சு போகும் தங்கச்சி, நம்பி எடுங்கோ” என்பதுதான் அவருடைய புதிய விளம்பரம். தங்கச்சிமார் துணியைத் தடவிப் பார்த்து, சுருங்குமோ, சாயம் போகுமோ என்று கேட்டார்கள். அவர் எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். பாதிப் பேர் எடுத்தார்கள், பாதிப் பேர் பக்கத்துக் கடைக்குப் போனார்கள்.

ஆனி மாதத்தில் கீர்த்திகாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. நிறையும் நிறமும் நல்லாயிருந்தன. வலது கை இறுகப் பொத்தியிருந்தது. குடும்ப நல மருத்துவ மாது பத்மாவதி வீட்டுக்கு வந்தபோது கீர்த்திகாவுக்காக அந்தக் கையை விரல் விரலாக விரித்துக் காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை, ரேகை மட்டும். கீர்த்திகா மூச்சு விட்டாள், பிறகு பிள்ளையின் கண்ணைக் காட்டி, அழுகிறாள் ஆனால் ஒன்றும் வரவில்லையே, நூலும் இல்லை, தண்ணீரும் இல்லையே என்று கேட்டாள். “பிறந்த பிள்ளையளுக்குக் கண்ணீர் வாறேல்லை பிள்ளை. ஒண்டிரண்டு மாதம் செல்லும்” என்றாள் பத்மாவதி. ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஆறுதல் என்ற ஒன்று இருக்கவில்லை.

அந்த இரண்டு மாதத்தைப் போல நீண்ட காலம் அந்த ஒழுங்கையில் இருந்ததில்லை. பிள்ளை அழுதால் கீர்த்திகா, வாகீசன், அருந்ததி மூவரும் மூன்று அறையிலிருந்து ஓடிவந்து அதன் முகத்துக்கு மேல் குனிந்து நின்றார்கள். காய்ந்த கண்ணோடு அது கத்திக்கொண்டிருக்கும். பால் கொடுக்கவேண்டும் என்பது அவர்களுக்குப் பிறகுதான் ஞாபகம் வரும். கீர்த்திகா பழைய வேட்டித் துண்டுகளைத் தவிர வேறெதையும் பிள்ளையின் மேல் போடவில்லை. மழைத் தண்ணீர் முடிந்தபோது வாகீசன் மைல் கணக்காகப் போய்த் தேடிக்கொண்டு வந்தான். யாக்கூப் இரண்டு முறை வந்து வாசலிலேயே நின்று, “வந்திட்டுதே?” என்று கேட்டுவிட்டுப் போனார். அருந்ததி எல்லாக் கோயிலுக்கும் நேர்ந்தாள். நேர்த்திக்குப் பட்டு சாத்துவதாகச் சொல்ல வாயெடுத்து, கடைகளில் பட்டு என்று விற்பது என்ன துணியோ என்று சந்தேகம் வந்து, தேங்காய் உடைப்பதாக மாற்றிக்கொண்டாள்.

ஆவணியில் ஒரு காலை, தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்த பிறகு, பிள்ளை முதன்முதலாகக் கண்ணீர் விட்டது. இடது கண்ணில் ஒரு துளி திரண்டது, தெளிந்த தண்ணீர்தான். அருந்ததி கையெடுத்துக் கும்பிட்டாள். துளி கன்னத்தில் இறங்கியது, அதன் பின்னால் ஒரு விரல் நீளத்துக்கு நூல் வந்தது. ஊதாவும் இல்லை, பச்சையும் இல்லை. கறுத்தக்கொழும்பான் மாங்காய் பழுக்கத் தொடங்கும்போது காம்படியில் ஒருநாள் மட்டும் தெரிகிற நிறம். மூவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கீர்த்திகா நூலை மெல்ல இழுத்து எடுத்தாள், பிள்ளையின் கண்ணில் முத்தம் கொடுத்தாள், சட்டையைத் திறந்து பால் கொடுத்தாள். அவளும் அழுதாள், அழும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்த நூலை யாக்கூப் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். பல வருடமாகத் துணி விற்கிறவர், நிறத்தைப் பார்த்தால் எந்த வருடம் எந்தப் பெருநாளுக்கு வந்த சரக்கு என்று சொல்லக்கூடியவர். “இந்த நிறம் இன்னும் வரேல்லை” என்றார் கடைசியில்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கையில் கொழும்பிலிருந்து ஏஜென்ட் புதுச் சரக்கின் மாதிரித் துண்டுகளோடு வந்தான். ஒவ்வொரு துண்டாகப் புரட்டினான். நடுவில் அது இருந்தது. இந்த வருசம் இதுதான் நானா ஓடப்போகுது, சூரத்திலிருந்து இப்பதான் இறங்கினது, கிழியவே கிழியாது என்றான். யாக்கூப் மாதிரிகளை மூடி அவனிடமே தள்ளிவிட்டார். அவனுக்குக் கோபமில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்து, நன்றி சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்குள் போனான்.

இரண்டு கிழமை கழித்து, பிள்ளையைக் கிளினிக்கில் காட்டிவிட்டு கீர்த்திகா பெரியகடை வழியாக பஸ் எடுக்க வந்துகொண்டிருந்தாள். வெயிலுக்குப் பிள்ளை சிணுங்கியது, கன்னத்தில் ஒரு நூல் தொங்கியது. தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோர் கைக்குட்டையிலும் ஏதோவொரு நூல் இருந்தது. பக்கத்துக் கடையின் கண்ணாடிக்குள் பொம்மை ஒன்று அந்த நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றது. அவள் கால் தானாக நின்றுவிட்டது. வாசலில் நின்ற விற்பனைப் பெண் சேலையைப் பார்த்தாள், பிள்ளையின் கன்னத்தைப் பார்த்தாள், முகம் மலர்ந்தாள்.

“அக்கா, பிள்ளையின்ரை நூலுக்கு அப்பிடியே பொருந்துது. நேற்றுத்தான் வந்தது, எடுங்கோவன்” என்றாள்.

கீர்த்திகா நூலை எடுத்துச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டாள். பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். பஸ் வந்துகொண்டிருந்தது.